இடது கால் அளவு

"இன்னா மகிழு, உன் கம்ப்யூட்டரு இப்டி கவுத்துட்ச்சி?"

கதவு திறந்ததுமே ரஹீமுன்னிசா ஒரு குட்டிச் செருப்பை மகிழினியின் கையில் திணித்தாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"மூணு நாளா குந்திகினு தச்சேன். போட்டுப் பாத்தா சுண்டு விரலு வெளிய நிக்குது. உள்பக்கம் சும்மா காலியா கீது. திங்கக்கெழம ஸ்கூலு தொறக்குது, புள்ள எத்தப் போட்டுகினு போவும்?"

மகிழினி செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் இருவருக்கும் எதிரெதிர் வீடு. ரஹீமுன்னிசா செருப்புப் பட்டறையில் தோல் வெட்டுகிறவள். அவள் மகள் நவ்ரீனுக்கு ஐந்து வயது. இடது பாதம் பிறவியிலேயே உள்பக்கமாக வளைந்தது. மாவுக்கட்டெல்லாம் போட்டும் கொஞ்சம் வளைவு தங்கிவிட்டது. கடைச் செருப்பு எதுவும் சேராது. அம்மா தைத்துக் கொடுப்பதுதான்.

அதற்கு அளவெடுப்பது பெரும்பாடு. பென்சில் பட்டாலே நவ்ரீன் கூச்சத்தில் நெளிவாள். போன வருடம் ஒரு மத்தியானம் அவள் தூங்கும்போது எப்படியோ பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தார்கள். ராயபுரத்தில் தோழி ஜெனியுடன் சேர்ந்து படம் வரையும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த மகிழினி, அந்தக் கோட்டைக் கணினிக்குள் ஏற்றினாள். குதிகாலிலிருந்து கட்டை விரல் வரை எவ்வளவு நீளம் என்று மட்டும் ரஹீமுன்னிசா சொல்வாள். அதே உருவத்தைப் பெரிதாக்கி மகிழினி அச்சடித்துத் தருவாள். முதல் இரண்டு ஜோடி கச்சிதமாகப் பொருந்தின. இது மூன்றாவது.

"போன வாரந்தான் அந்த எடத்துல புதுசா மாத்தி எழுதினேன்க்கா. அதான் சொதப்பியிருக்கும்" என்றாள் மகிழினி.

"எந்த எடத்துல?"

"வட்டம், சதுரம்னா இழுத்துப் பெருசு பண்றது சுளுவு. இது கோணல்மாணலா இருக்கற உருவம். எரநூறு புள்ளி இருக்கு. எல்லாத்தையும் ஒரே கணக்குல நகத்தணும். நாலு புள்ளி தப்பாப் போனாலும் வளைவு மாறிடும்."

"அப்போ நாளைக்கு?"

நாளைக் காலை திருவொற்றியூரில், பைகள் தைக்கும் ஒரு கம்பெனியில், இதே மென்பொருளை மகிழினியும் ஜெனியும் ஓட்டிக் காட்ட வேண்டும். எட்டு மாத உழைப்பு. அங்கே போய் உருவம் கோணினால் எழுந்து வர வேண்டியதுதான்.

மகிழினி மடிக்கணினியைத் திறந்து, புதிதாக எழுதியதை நீக்கிவிட்டுப் பழையதையே போட்டாள். நவ்ரீனின் பாதத்தை மறுபடி பெரிதாக்கி அச்சடித்தாள். ரஹீமுன்னிசா அதன் மேல் செருப்பை வைத்தாள். ஒரு நூல்கூட விலகவில்லை.

"பழசுலயும் இதே தப்பா?"

"ஒருவேள பிரிண்டரு இழுத்திருக்கும்."

பத்து சென்டிமீட்டரில் ஒரு சதுரம் வரைந்து அச்சடித்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். நான்கு பக்கமும் சரியாகப் பத்து. பெரிதாக்கிய பாதத்தைத் திரும்பச் சுருக்கி, போன வருடத்துக் கோட்டின் மேல் வைத்தாள். இரண்டும் ஒன்றாகி ஒரே கோடாகத் தெரிந்தது. எங்கே தவறு என்று புரியாமல் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உடு மகிழு" என்று ரஹீமுன்னிசாதான் இறங்கி வந்தாள். "நா அவசரத்துல உன்ன ஏசிட்டேன். தெனம் காத்தால சாயந்திரம் காலை நீவி வுட்டுகினுதான் கீறேன், அதுல ஒண்ணும் ஆவல. செருப்பாவது சரியா அமையணும்னு ஒரு இது."

மகிழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாக்கா, இன்னொரு தபா காலையே வரஞ்சிப் பாத்துடுவோம்."

போனில் கார்ட்டூனைப் போட்டு நவ்ரீனின் கையில் கொடுத்து, வெள்ளைத் தாளின் மேல் நிற்க வைத்தார்கள். ரஹீமுன்னிசா முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பென்சில் பட்டதும் நவ்ரீன் கெக்கலித்துச் சிரித்தாள். மூன்று தாள் வீணானது. நான்காவதில் கோடு முழுசாகச் சுற்றி வந்தது.

மகிழினி அந்தத் தாளையும் அச்சடித்த தாளையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். வெளிச்சத்தில் இரண்டு கோடுகளும் தெரிந்தன. குதிகால் பொருந்தியது. பாதி தூரம் ஒன்றாகவே போய், விரல்களை நெருங்கும்போது தனித்தனியே பிரிந்தன.

"இன்னாடி, இதுவும் தப்பாப் பூட்ச்சா?" ரஹீமுன்னிசாவின் குரல் இறங்கியது.

மகிழினி பிரிந்து போன கோட்டின் மேல் விரலால் மெல்லத் தடவினாள். மறுபடியும் ஒருமுறை தடவினாள்.

"எதுவும் தப்பில்லக்கா. நான் போன வருசத்துக் காலையே பெருசு பண்ணிகினு இருந்திருக்கேன்... நவ்ரீன் காலு நேராயிகினு வருது!"