கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

எட்டாம் எண்காரர் கண்ணாடி முன்னால் நின்று, தொந்தியை எக்கிக்கொண்டு, தலை வாரினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. இவளுக்கு ஜன்னல். டாக்டரிடம் நேரம் வாங்கித் தரும் புது ஆப்பை, எண் கொடுத்து வரவழைத்த ஜனங்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்துக் குறிப்பெடுப்பது இவள் வேலை. பக்கத்தில் மேலாளர்.

"செஞ்சதை எழுது, சொன்னதை எழுது. நீ நினைக்கிறதை எழுதாதேம்மா" என்று மேலாளர் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

போன வாரம் 'பாவம், திணறுகிறார்' என்று எழுதி மாட்டிக்கொண்டவள் இவள். இன்னொரு தடவை அப்படி எழுதினாலோ, சத்தமாகச் சிரித்தாலோ நாற்காலி வேறொருத்திக்குப் போய்விடும். இவளுக்கு அந்த நாற்காலி என்றால் உயிர்.

மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றாள், அங்கே அவர் எதிரில் இருந்த கேள்விக்காரப் பெண். மனிதர் மடை திறந்துவிட்டார்.

'தேதியைத் தொடாமல் டாக்டரின் படத்தைத் தொட்டார். மறுபடியும் தொட்டார்.'

'மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். போனையும் துடைத்தார்.'

'தெரியலையே என்றார்.'

எழுதும்போதே இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

'தப்பு என் மேலதான் என்றார். போனிடம்.'

சிரிப்பு தொண்டை வரை வந்து முட்டியது. விழுங்கினாள். அது விக்கலாகத் திரும்பி வந்தது. மேலாளர் முறைத்துக்கொண்டே தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

வீட்டில் இப்படி மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பீர்கள் என்றாள் கேள்விக்காரப் பெண்.

'வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், என்னைவிடக் கெட்டிக்காரி, ஆனால் கேட்க மாட்டேன், கேட்டால் என் கெத்து என்ன ஆவது என்றார்.'

இவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. ஆனால் ஓர் எழுத்துகூடச் சொந்தமாகச் சேர்க்கவில்லை.

மேலாளர் படித்துப் பார்த்து, முதல் தடவையாக முதுகில் தட்டிக்கொடுத்தார். குறிப்பெடுப்பவளின் சொந்தக்காரர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் எழுந்துவிட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதை இவள் சௌகரியமாக மறந்திருந்தாள்.

எழுந்துபோக எப்படி மனசு வரும்? கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் 'தெரியலையே' வந்து இவள் கேட்டதே இல்லை.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். மனைவி எங்கோ உட்கார்ந்து எதையோ எழுதுகிறாள் என்பதற்கு மேல் அவர் கேட்டதும் இல்லை.

"இன்னைக்கு ஒரு இடத்துல புது ஆப் ஒண்ணைக் குடுத்துப் பார்க்கச் சொன்னாங்க. நமக்கென்ன, ஒரே நிமிஷம்! அசந்துட்டாங்க."

தொந்தியை எக்கிக்கொண்டிருந்தார்.

வந்தவர்களைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்ற விதி மட்டும் இப்போது பார்த்து ஞாபகம் வந்தது.

"உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லி முடிப்பதற்குள் இவளுக்கு விக்கல் வந்துவிட்டது.