பச்சைக் கோடுகள்

“பாட்டு ஒரு பக்கம் போகுது, கோடு ஒரு பக்கம் போகுது!” என்று ஹெட்போனைக் கழற்றாமலே கத்தினார் அவர்.

ரிட்டயரான பிறகு கம்ப்யூட்டரில் அவரே எழுதிய புரோகிராம். அந்தக் கால ஸ்டீரியோ மாதிரி, பாட்டுக்கேற்ப திரையில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்க வேண்டும்.

மனைவி அவர் தோளைத் தட்டினாள். “மூணு நாளா இதே புலம்பல். விட்டுத் தள்ளுங்க” என்றுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அலுத்துப்போய்ப் பாட்டை நிறுத்தினார். கோடுகள் நிற்கவில்லை. தண்ணீரைக் காற்று தொட்டதுபோல மெல்ல எழுந்தன, நெளிந்தன, அடங்கின. எந்தப் பாட்டுக்கும் இவ்வளவு அழகாக ஆடியதில்லை.

செட்டிங்கைத் திறந்தார். சத்தத்தை எங்கிருந்து எடுப்பது என்ற இடத்தில், பாட்டுக்குப் பதிலாக மைக்கைக் கொடுத்து வைத்திருந்தார்.

ஹெட்போனைக் கழற்றினார். சமையலறையிலிருந்து மெலிதாக ஒரு ராகம். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு, “என் குரல் போச்சு” என்று இரண்டு வருஷமாகப் பாட மறுத்த பாட்டு டீச்சரான மனைவி, அவர் காதில் ஹெட்போன் இருக்கும் தைரியத்தில் பாடிக்கொண்டிருந்தாள்.

ராகம் நின்றது. காலடி கேட்டதும் அவசரமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

தோளைத் தட்டினாள். “தப்பு பிடிபட்டுதா?”

“எங்கே! இன்னும் ஆறு மாசமாவது ஆகும்.”