பத்தில் ஒரு பங்கு

மொழிபெயர்ப்பாளன் கவிசனின் மூக்கிலிருந்து கொட்டிய இரத்தம், நல்ல செய்தி எழுதியிருந்த தாளிலேயே விழுந்தது. அடித்தவர் பேனாட். நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன்பெட்டி தூக்கிய கை, அறுபத்தெட்டு வயதிலும் தளரவில்லை.

2008 மாரி தொடங்கும்போது ஒஸ்லோவில் ஒரு சிகரெட் கொம்பனியின் ஆய்வுக்காரர் அவருக்கு ஒரு குழாயைக் கொடுத்தார்கள். புகையிலையை எரிக்காமல் சூடாக்குகிற சாமான். சிகரெட்டை விட்டு மூன்று மாதம் இதையே இழுக்க வேண்டும், கடைசியில் விடியற்காலையில் பெய்யும் சலத்தை வீட்டிலேயே போத்தலில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். உடம்பில் நஞ்சு எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்களாம்.

குறைந்ததென்று தாள் வராவிட்டால் பச்சைப்பிள்ளையோடு உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று மகள் றெபேக்கா சொல்லியிருந்தாள். பேனாட் சேர்ந்ததே அதற்காகத்தான். மற்றப்படி கொம்பனிக்காரன் தருகிற எதையும் அவர் நம்புகிற ஆளில்லை.

இன்று முடிவை ஆய்வுக்கூட டொக்டர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். பாதியாகும் என்று பார்த்தார்களாம், பத்தில் ஒரு பங்காகவே இறங்கிவிட்டதாம். கவிசன் அதைத் தமிழில் சொல்லி வாய் மூடவில்லை, குத்து விழுந்தது.

"அந்த ஒரு பங்கு எங்கால வந்தது? ஒண்டுமில்லையெண்டு சொல்லடா."

"அவர் சொன்னதைத்தான் சொல்லுறன், அங்கிள்."

பேனாட் அவன் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடி அலுமாரியோடு மோதினார். கண்ணாடி நொறுங்கி இரண்டு பேர் மேலும் கொட்டியது. இடையில் வந்த டொக்டர் முழங்கை இடி வாங்கி மேசைக்கடியில் போய் விழுந்தார்.

"உங்களில சிகரெட் மணக்குது அங்கிள்," என்று மூச்சுத் திணறினான் கவிசன். அதற்கும் ஓர் அறை.

சத்தம் கேட்டு, வெளியே காத்திருந்த மனைவி அருள்ராணி ஓடிவந்து அவர் கையில் தொங்கினாள். நடந்ததைக் கவிசன் சொன்னான். அவள் கணவனை விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"குறைஞ்சிட்டுதாமே அப்பா. பேரனைத் தூக்கலாம். இதுக்கு ஆரும் அடிப்பினமே?"

பேனாட் அவள் பக்கம் திரும்பவில்லை. டொக்டரைக் கொலரில் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். மெசின் பிழை விட்டிருக்கும், வேறு ஆளின் போத்தல் மாறியிருக்கும், கேள் என்று கவிசனை உலுக்கினார். டொக்டர் நடுங்கி நடுங்கிச் சொன்னதை அவன் இரத்தத்தைத் துடைத்தபடி திருப்பினான்.

"மெசின் பிழை விடேல்லையாம். ரண்டு தரம் பாத்தவையாம். புகையிலைப் புகை போகாத உடம்பில இது துளியும் இராதாம். தான் பத்தாத ஆளெண்டாலும், வீட்டில மற்றவை விடுற புகை போனா இருக்குமாம்."

கொலரிலிருந்து பேனாட்டின் கை வழுவியது. முதல்முறையாக மனைவியை நேருக்கு நேர் பார்த்தார்.

"ராணி, சீனிவருத்தம் பாக்க எண்டு வாங்கின உன்ரை சலத்தைத்தான் குடுத்தனான்."