தெருவுக்கே ஒரே நீல டிசம்பர்

"இந்தத் தெருவிலேயே நீல டிசம்பர்னா நான் ஒருத்திதான்!" பூத்து நின்ற தொட்டிச்செடிக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு மெஹர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஒரு கிளை குடுங்களேன்." செடியை வளர்த்த பூங்கோதை கத்தரிக்கோலை எடுத்தாள்.

"தொடாதே! அங்கேயும் பூத்தா எனக்கென்ன மதிப்பு?" என்று செடி சீறியது.

"மூணு கணுதான், குறைஞ்சு போயிடமாட்டே" என்றபடி கத்தரிக்கோல் நறுக்கியது.

அடுத்த ஐப்பசி மழையில் தொட்டியின் ஓட்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் தேங்கி, செடி வேரோடு அழுகிப்போனது. மெஹர் தன் செடியிலிருந்து ஒரு கிளையை வெட்டிக் கொண்டுவந்து அதே தொட்டியில் நட்டாள்.

இரண்டே இரண்டு தளிர் விட்டதும் அது நிமிர்ந்தது. "இந்தத் தெருவிலேயே நீல டிசம்பர்னா நான் ஒருத்திதான்!"

கத்தரிக்கோல் வாயைத் திறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நீலமாய்க் குலுங்கிய தாய்ச்செடியைப் பார்த்துவிட்டு, பேசாமல் மூடிக்கொண்டது.