ஹாட்ஸ்பாட் எட்டும் தூரம்

கல்யாணமான நாள் முதல் தணிகாசலம் பெண்டாட்டி வேதவல்லிக்கு முன்னால்தான் நடப்பார். திரும்பிப் பார்க்காமலே, "சீக்கிரம் வா" என்பார்.

வெளிநாட்டில் விமானத்தை விட்டு இறங்கியதும், இ-சிம்முக்கான க்யூஆர் கோடை வித்தைக்காரர் தோரணையில் ஸ்கேன் செய்தார். நெட் வந்த பிறகுதான், கையிலிருப்பது வேதவல்லியின் போன் என்று தெரிந்தது. ஒரு போனில் ஏறிவிட்டால் இன்னொன்றுக்கு மாறாதாம்.

"அதுக்கென்ன, ஹாட்ஸ்பாட் போட்டுடுறேன். ஒட்டியே வாங்க" என்றாள் அவள்.

வழி காட்டும் மேப் அவர் கையில், அதற்கு உயிர் அவள் கைப்பையில். அவள் புறாக்களை வேடிக்கை பார்த்த நேரமெல்லாம் அவரும் பார்த்துத் தொலைத்தார். ஷூ லேஸ் கட்டக் குனிந்து நிமிர்வதற்குள் மேப் அசையாமல் நின்றுவிட்டது. அவள் தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தாள். தணிகாசலம் ஓடினார்.

திரும்பிப் பார்க்காமலே அவள் குரல் கொடுத்தாள்: "சீக்கிரம் வாங்க."