ஐந்தாவது படிவத்தின் சாட்சி

நவரத்தினம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு, மாட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

ரூபிகா நிமிர்ந்து பார்த்தாள். படிவத்தின் பதினைந்து பக்கங்களையும் சத்தமாக வாசித்து இப்போதுதான் முடித்திருந்தாள். மிச்சமிருந்தது சாட்சியின் கையெழுத்து ஒன்றுதான்.

"வைச்சிட்டாரே, பிள்ளை?" என்று கேட்டார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிறிஜெற் அன்ரி. சோதனைக்காகக் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவருக்கு எதிரில் இருப்பவர்கள் வெறும் புகையாகத்தான் தெரிவார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ, அன்ரி."

சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் மங்கிய கண்களுக்கு ஒரு புதிய சொட்டு மருந்து. அதைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கு ரூபிகாதான் இணைப்பாளர். இணைப்பாளர் என்றால், மருந்தைவிடக் காகிதத்தோடு மாரடிப்பவள் என்று பொருள்.

வாசிக்க முடியாத ஒருவர் ஆய்வில் சேர்ந்தால், சம்மதப் படிவத்தை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். அவரோடு எந்த வகையிலும் சம்பந்தப்படாத ஒரு சாட்சி முதலிலிருந்து கடைசிவரை கூட இருந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். படிவத்தில் ஒரு வரி மாறினாலும் எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

இந்த முறை மாறியது வைத்தியரின் தொலைபேசி இலக்கம்.

இது ஐந்தாவது படிவம். பிறிஜெற் அன்ரிக்கு அது பாடமாகிவிட்டது. கொழும்பு கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் மன்றாட்டுக்கு மறுமொழி சொல்வதுபோல, ஒவ்வொரு பந்தி முடிவிலும் "ஓம், விளங்குது" என்பார். 'எந்த நேரமும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்' என்ற இடம் வந்தால் மட்டும், "ஆர் விலகப் போறது?" என்று கேட்டுச் சிரிப்பார்.

இன்று அந்த இடத்திலும் வெறும் "ஓம்" தான் வந்தது.

முதல் படிவத்துக்குச் சாட்சி தேடி ரூபிகா கண் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஓடிய நாள் நினைவுக்கு வந்தது. மனைவிமாரின் கைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு கணவன்மார் வரிசையாக இருந்தார்கள். வெறுங்கையோடு இருந்தவர் நவரத்தினம் ஒருவர்தான். வெள்ளவத்தைக்காரர், சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர். கண்புரை வெட்டுவதற்காக வந்திருந்தார்.

புரை வெட்டி, கண் தெளிந்து, அவர் இங்கே வரவேண்டிய தேவை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் பிறிஜெற் அன்ரி வருகிற நாளெல்லாம், "படிவம் மாறியிருக்குமோ எண்டு பாத்திட்டுப் போக வந்தனான்" என்று குடையோடு வந்து நிற்பார். நோயாளிகளைவிட ஒழுங்காக வருகிற சாட்சி என்று வைத்தியர் பகிடி பண்ணுவார்.

அந்த மனிதர்தான் இன்று பேனாவை மூடிவிட்டார்.

கையெழுத்து இல்லையென்றால் இன்றைக்கு மருந்துப் போத்தல் இல்லை. இன்று தவறினால் அன்ரி ஆய்விலேயே இல்லை. போன மாதம்தான் அவர், "ஒருத்தரையும் கேக்கேல்ல, பஸ் நம்பரை நானே பாத்து ஏறினனான்" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

"அங்கிள்..." என்று கெஞ்சினாள் ரூபிகா.

நவரத்தினம் கடைசிப் பக்கத்தை அவள் பக்கம் தள்ளி, ஒரு வரியின் கீழே விரலை வைத்தார். காது மடல்கள் சிவந்திருந்தன.

'பங்குபற்றுபவருக்கும் எனக்கும் எந்தவித உறவோ தனிப்பட்ட தொடர்போ இல்லை.'

இதே வரியின் கீழ் நான்கு முறை அழகாகக் கையெழுத்து வைத்தவர்தானே!

"வைச்சிட்டாரெண்டா வைச்சிட்டார் எண்டு சொல்லு, பிள்ளை." பிறிஜெற் அன்ரி மூக்கை உறிஞ்சினார். "எனக்கு ஒளிக்க வேண்டாம்."

இனி மறைத்துப் பயனில்லை.

"இல்லை, அன்ரி. வைக்க மாட்டாராம்."

அழப்போகிறார் என்று நினைத்து ரூபிகா ரிஷ்யூக் கடதாசிப் பெட்டியை நகர்த்தினாள். பிறிஜெற் அன்ரி அதிலிருந்து ஒன்றை உருவி, மூக்கைத் துடைத்து, முகம் முழுவதும் சிரித்தார்.

"நேற்று இவரிட்ட ஒரு விசயம் கேட்டனான். உமக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு, ரெண்டு கறன்ற் பில் என்னத்துக்கு எண்டு. மனுசன் வாயே திறக்காமல் குடையைத் தூக்கிக்கொண்டு போட்டார்."

"பொய்க் கையெழுத்து வைக்கேலாது" என்றார் நவரத்தினம், மேசையைப் பார்த்து. அவர் இன்று பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

ரூபிகா வராந்தாவுக்கு ஓடினாள். லுத்பியா என்ற அம்மா உள்ளே கண் சோதனைக்குப் போயிருக்க, அவருடைய கணவர் அலவி பெரிய பச்சைக் கைப்பையொன்றை அணைத்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"சாட்சியெண்டா கோட்டுக்கெல்லாம் போகோணுமா, மகள்?"

"இல்லை, அங்கிள். இருந்து கேட்டாப் போதும்."

கைப்பையோடு அவரை அழைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பியபோது, சாட்சியின் நாற்காலி காலியாக இருந்தது.

பிறிஜெற் அன்ரிக்குப் பக்கத்தில் உறவினர் இருப்பதற்கென்று ஒரு நாற்காலி உண்டு. பிள்ளைகள் கனடாவில். அதனால் அதில் எப்போதும் அவருடைய கைப்பை மட்டும்தான் இருக்கும். இப்போது அதில் நவரத்தினம் நிமிர்ந்து இருந்தார். கைப்பை அவருடைய மடியில்.

அலவி அந்தப் பையைப் பார்த்தார். தன் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா வெச்சிட்டு இரிக்கீங்க, ஐயா?"

"இப்பத்தான் தந்தவ" என்றார் நவரத்தினம்.