குளத்தில் முதல் செடி

குடவாசல் பக்கத்தில் உள்ள தன் சொந்த ஊருக்கே வேளாண்மை அலுவலராக வந்த கயல்விழி, முதல் கூட்டத்தைக் குளக்கரையில் போட்டாள். தண்ணீரே தெரியாதபடி குளம் முழுக்க வெங்காயத்தாமரை ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது. மதகு அடைத்துக்கொண்டதால் கீழ் வயல்களுக்குத் தண்ணீர் பாயவில்லை.

"பூ அழகா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க. இது கடல் தாண்டி வந்த செடி. ஒண்ணை விட்டா ரெண்டே வாரத்துல ரெண்டாகும். வேரோட எடுத்தாலும் விதை சேத்துல வருஷக்கணக்கா கெடக்கும்" என்றாள் மைக்கில்.

"முன்னெல்லாம் இங்க இது கெடையாதும்மா. எப்படி வந்துச்சுன்னே தெரியலை" என்றார் விவசாயி கோவிந்தராசு.

"யாரோ கொண்டாந்து விட்டிருக்காங்க. அந்தப் புண்ணியவான் யாருன்னு கண்டுபிடிக்காம விடக் கூடாது!"

முன்வரிசையில் இருந்த அவள் அம்மா நீலாம்பாள், போதும் என்று கையைக் காட்டினாள். கயல்விழி கவனிக்கவில்லை.

"யாருக்காவது தெரிஞ்சா பயப்படாம சொல்லுங்க!"

நீலாம்பாள் எழுந்து வந்து மகளின் காதோடு சொன்னாள்: "ஆறாவது படிக்கிறப்ப கும்பகோணத்துலேர்ந்து ஒரு பூச்செடியை டிபன் பாக்ஸ்ல கொண்டாந்தியே. வாடுதேன்னு அழுதுட்டு அதை எங்கடி விட்ட?"

கயல்விழிக்குத் திக்கென்றது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சரி, யாருன்னு தேடி என்ன ஆகப்போகுது? ஆளுக்கொரு கை போடுவோம், வாங்க."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாகக் குளத்தில் இறங்கினாள்.

"ஆபீசர்னா இப்படி இருக்கணும்!" என்று நெகிழ்ந்துபோனார் கோவிந்தராசு. ஊரே பின்னால் இறங்கியது.

நீலாம்பாள் மட்டும் கரையில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.